சந்திரமதி பேசிய மாதங்கள்

காய்ச்சலில் என் மனைவி சந்திரமதி இறந்தாள். பதினாறாம் நாள் அவள் தம்பி சேதுபதி சாப்பாட்டைத் தள்ளிவைத்தான்.

"அக்கா பசிக்குதுங்கறா. நான் எப்படிச் சாப்பிடுறது?"

மறுநாளிலிருந்து என் மாமியார் தினமும் மகளுக்கு இலைபோட்டுப் படைத்தார். படைத்த பிறகுதான் அவன் இரண்டு வாய் உண்பான்.

மலாய் நாட்டில், காஜா பேராங்கில் எங்கள் வீடு சிறியது. வாசலுக்கும் கிணற்றடிக்கும் அவன் ஓயாமல் நடந்தான். குளிப்பதில்லை. நடுவில் நின்று யாருக்கோ பதில் சொல்வான், சிரிப்பான். சுதந்திரக் கொண்டாட்டத்தன்று, வானொலியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பெட்டியைப் போர்வையால் மூடினான்.

நான் கல்லூரியில் படித்தவன். இது நோய் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் மாலைதோறும் அவனோடு நடந்துகொண்டே கேட்டேன்.

"இன்னிக்கு என்ன சொன்னா?"

"உங்க சட்டையில பித்தான் இல்லையாம்."

குனிந்து பார்த்தேன். இல்லைதான்.

இப்படி மூன்று மாதம் ஓட்டினேன். பிறகு, விஷம் கலந்திருக்கிறது என்று தண்ணீரையும் மறுத்தான். வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்பினேன்.

"எம் மக வந்து பேசுறா மாப்பிள்ளை. ஊசி போட்டு விரட்டப் போறீங்களா?" என்றார் மாமியார்.

"இவனும் போயிடுவான் அத்தை."

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லையா, யாழ்ப்பாணத்துக்காரர், அவனிடமே கேட்டார்.

"எப்ப தொடங்கினது தம்பி?"

"பண்டார் ஹிலிர் திடல்ல சுதந்திரத் தேதி சொன்னாங்களே, அன்னிக்கு. ஒலிபெருக்கியில என் பேரைச் சொன்னாங்க."

அது போன வருஷம் பிப்ரவரி. சந்திரமதி இறந்தது இந்த ஜூலையில்.

"அப்ப ஆர் பேசினது?"

"ரெண்டு ஆம்பளைங்க. நான் எது செஞ்சாலும் சொல்லிக்காட்டுவாங்க. இப்ப அக்கா குரலும் சேர்ந்துகிட்டுது. அக்காவுக்கு அப்பவே தெரியும். அத்தான்கிட்ட சொல்லாதேன்னா. பைத்தியக்காரனோட அக்கான்னு அவளை விட்டுடுவாராம்."

மாமியார் தரையைப் பார்த்தபடி, "எங்க அண்ணனும் இப்படித்தான் நடந்துகிட்டே இருந்தாரு," என்றார்.

எதனால் வருகிறது என்று டாக்டரைக் கேட்டேன்.

"பரம்பரையிலயும் வரும். துக்கம் கூட்டிவிடும். முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது. பேய் இல்லை, வளர்த்த பிழையும் இல்லை. புது மாத்திரை வந்திருக்கு. குரல்கள் அடங்கலாம். சில நாள் இங்க இருக்கட்டும்."

படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். சேதுபதி எழுந்து, சுவருக்கும் கதவுக்கும் நடந்து, என் முன்னால் நின்றான்.

"மாத்திரை போட்டா அக்காவும் போயிடுவா அத்தான். உங்களுக்குப் பரவாயில்லையா?"

பேனாவைத் திறந்தேன்.

"தெரிஞ்சிருந்தாலும் அவளை விட்டிருக்க மாட்டேன். அதை மட்டும் சொல்லிடு."

அவன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

"சொல்லிட்டேன்."

கையெழுத்துப் போட்டேன்.