மூடி வைத்த மேய்ச்சல்

ஹத்து ஒரு புற்கதிரைக் கிள்ளி நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பால்தான் கசிந்தது. விதை முற்றி மண்ணில் உதிரும்வரை இந்தச் சமவெளியில் ஓர் ஆட்டின் குளம்பும் படக்கூடாது. அட்லஸ் மலையடிவாரத்து அந்த ஊரில் யாரும் மீறாத சட்டம் அது. அதைக் காக்க ஊர் தேர்ந்தெடுத்த காவல்காரர் அவர். லேசுப்பட்ட காவலா? மனைவி ரப்ஹாவின் கிடாய் எல்லைக் கல்லைத் தாண்டியதற்கு, அபராதமாக அதையே வெட்டி ஊருக்கு விருந்து வைத்த மனிதர்.

அந்தக் கறார்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது. சூரிய மின்சாரத்துக்கு இடம் தேடி வசந்தத்தின் தொடக்கத்தில் ஓர் அதிகாரி வந்தான். "இங்க ஆடு மேய்க்கிறீங்களா?" என்று கேட்டான். தன் காவலைத்தான் சோதிக்கிறான் என்று நினைத்துவிட்டார் ஹத்து. "நான் இருக்கிறவரைக்கும் ஒரு ஆடு உள்ள நுழைஞ்சிருமா?" என்று மார்பை நிமிர்த்தினார். அவன் சிரித்தபடி கைகுலுக்கி, புதினா தேநீரும் குடித்துவிட்டுப் போனான். அடுத்து வந்தவை, நிலத்தை அளந்து அடித்த, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள். யாரும் பயன்படுத்தாத தரிசாம் இது. காவல்காரரே சொன்னாராம்.

ஊரார் அலுவலகத்துக்குப் போய்க் கத்திய பிறகு, வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரிகள் சொன்னார்கள். மேய்ச்சல் நிலமென்றால் ஆடு மேயுமே, காட்டுங்கள் என்றார்கள். இப்போது மேய்ந்தால் விதை விழாது, அடுத்த வருடம் மந்தை பட்டினி கிடக்கும். மேயாவிட்டால் நிலமே போய்விடும். காவல்காரர் வாய் திறந்து சொல்லாமல் எல்லை திறக்காது என்பதால் கூட்டத்தில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். "திறந்தாச்சு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

வியாழன் காலை ஊர் மந்தை முழுவதும் எல்லைக் கற்களுக்கு முன்னால் நின்றது. தூரத்தில் புழுதி கிளம்பியது. கார்கள்தான்.

"என்னய்யா, கல்லு மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் ரப்ஹா. "என் கிடாய வெட்டுறப்ப கை நடுங்கலியே. இப்ப மட்டும் என்ன?"

"விதை இன்னும் பாலாத்தான் இருக்கு, ரப்ஹா."

"அவங்க கண்ணாடிப் பலகைய நட்டா எதுல பால் வரும்? ஓட்டுங்க."

அவர் கோலை வீசி அதட்டினார். மந்தையை நடத்திப் போகும் முன்னாடு இரண்டடி வைத்தது. உடனே அவருடைய நாய் பாய்ந்து குறுக்கே நின்று குரைத்தது. எல்லையை நெருங்கும் ஆட்டை மடக்கித் திருப்ப அவரே குட்டியிலிருந்து பழக்கிய நாய். மந்தை பின்வாங்கியது.

"அட, அதை யாராவது பிடிங்க!" என்று கத்தினாள் ரப்ஹா. அது யார் கைக்கும் சிக்கவில்லை.

புழுதி நெருங்கிவிட்டது. ஹத்து முன்னாட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினார். செருப்பின் கீழ் கதிர்கள் முறிந்தன. நடுவில் அதை இறக்கிவிட்டு, "தின்னு தாயி, தின்னு" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். ஆடு தலையைக் குனிந்தது. அதற்குள் நாய் வந்துவிட்டது. பின்னங்காலை ஒட்டிக் குரைத்து, புல்லில் வாய் வைக்கவிடாமல் எல்லைவரை விரட்டி, மந்தையில் சேர்த்த பிறகே ஓய்ந்தது.

காலியான சமவெளியில் ஹத்து தனியாக நின்றார். கார்க் கதவுகள் திறந்தன. நாய் அவர் காலடிக்கு ஓடி வந்து, வழக்கமாகக் கிடைக்கும் தட்டிக்கொடுப்புக்காக வாலை ஆட்டியபடி அவர் கையைப் பார்த்தது.