நாளைக்குத் தாவீது

கருமத்தம்பட்டி பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு 'இன்றைய புனிதர்' வந்துவிடும். மூன்று வருடமாக எழுதுவது ஜெரோம்தான். பகலெல்லாம் தறி மெக்கானிக். நான்கு நாள் சிந்தனைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வான்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதியின் சிந்தனையை அவன் அனுப்பியது கோயம்புத்தூரில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு. மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது மன்னன் வெட்டிப்போட்ட பெத்லகேம் பிள்ளைகளுக்கான நாள். குழுவில் கைகூப்பிய எமோஜிகள் வந்து குவிந்துகொண்டிருக்கும்போதே, ஏழாம் மாதத்தில் அவனுக்கு மகன் பிறந்தான். ஒரு கிலோகூட இல்லை.

பத்து மணிக்கு நர்ஸ் எழில் பச்சைக்குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க வேதக்காரங்கதானுங்க? தண்ணி ஊத்திப் பேரு வெக்கறதுன்னா இப்பவே வந்து வெச்சுப்போடுங்க. டாக்டரு உறுதியா ஒண்ணும் சொல்லலீங்க."

ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாமியார் வரவேண்டியதில்லை. நெற்றியில் கொஞ்சம் தண்ணீரும் ஒரே ஒரு வாக்கியமும் போதும். ஜெரோமே இதை இரண்டு முறை குழுவில் எழுதியிருக்கிறான். பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக்கூடாது என்ற பயம் அவனுக்கும் இருந்தது. ஆனால் இன்றைக்கா? மற்ற எல்லா நாளையும் விட்டுவிட்டு, செத்த குழந்தைகளின் நாளிலா?

"நாளைக்கு வெச்சுக்கறேனுங்க சிஸ்டர். நாளைக்குத் தாவீது ராஜா. வயசாகிப் படுக்கையில செத்த மனுசன்."

எழிலுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மாமனார் மாரப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவர் கிறிஸ்தவ வேதத்தில் சேராதவர். மகள் இனியாவைக் கொடுத்ததோடு சரி.

"எங்கூட்டுல கல்யாணத்துக்கு ராகு காலம் பாத்தப்ப சிரிச்சீங்களே மாப்ள. இப்ப நீங்க நாள் பாக்கறீங்களாக்கும்?"

"அது வேறங்க மாமா."

"என்ன வேற? குண்டாவுல தண்ணி இருக்குது, புள்ளைக்குத் தலை இருக்குது. போயி ஊத்துங்க மாப்ள."

"ஒரு நாளுதானுங்க. ஒரே நாளு."

எழில் இன்னும் ஒரு நிமிடம் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு உள்ளே போனாள். ஜெரோம் பெஞ்சில் உட்கார்ந்து மணி பார்த்தான். பத்து பத்து. பதினொன்று. மாரப்பன் வாங்கிவந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. ஒன்றரைக்கு எழுந்து கதவருகே போனான், தட்டக் கை ஓங்கினான். அந்த நாளின் பெயர் நினைவுக்கு வந்ததும் கையை இறக்கிக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு உள்ளேயிருந்து டாக்டரே வெளியே வந்தார். டாக்டரே வந்தால் என்னவென்று அந்த வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும்.

இனியாவை ஐந்து மணிக்குத்தான் வார்டுக்கு மாற்றினார்கள். யாரும் சொல்வதற்கு முன்பே முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சத்தம் போட்டு அழவில்லை. உதடு காய்ந்திருந்தது.

"தண்ணி ஊத்திப்போட்டீங்கல்லங்க?"

மாரப்பன் மருமகன் முகத்தைப் பார்த்தார்.

"ஊத்திட்டேன், கண்ணு."

"பேரு?"

"தாவீது."

"தாவீது," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "தண்ணி சில்லுனு இருந்திருக்குமேங்க. அழுதானா?"

"இல்ல கண்ணு. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

மாரப்பன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனார்.

"சாமியார்கிட்டச் சொல்லி ஞானஸ்நானப் புத்தகத்துல எழுதிப்போடோணுங்க," என்றாள் இனியா. "இல்லாட்டி அவன் வந்ததே யாருக்கும் தெரியாமப் போயிரும்."

அவன் தலையாட்டினான்.

அவள் அவன் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாந்தான் பாக்கல. எப்படி ஊத்துனீங்க, என்னன்னு சொல்லி ஊத்துனீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க."

ஜெரோம் சொல்லத் தொடங்கினான்.