ஒரு சுற்று மிச்சம்

கட்டிலில் அக்கா, தையல் மெஷின் ஸ்டூலில் மச்சான், கழற்றிய சைக்கிள் சக்கரத்தின் அருகே தரையில் நான். முந்தின நாள் சைக்கிள் பந்தயத்தில், கடைசிச் சுற்று என்று நினைத்து எல்லோரையும் முந்திக் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கிவிட்டேன். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அதில் மூச்சு வாங்கிக் கடைசியாக வந்தேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் வெற்றி இப்படிக் கைநழுவியதால், சைக்கிள் கிளப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிக் கையில் வைத்திருந்தேன்.

"போட்டோ மட்டும் நல்லா விழுந்திருக்கும், மாப்ளே," என்றார் மச்சான்.

"நீங்க சும்மா இருங்க. டேய், கையத் தூக்கினப்போ உனக்கு முன்னாடி யாராச்சும் இருந்தாங்களா?" என்றாள் அக்கா.

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப காலு சரியாத்தான் இருக்கு. எண்ணத்தான் தெரியல. அடுத்த தடவை ரோட்டோரம் நின்னு நான் எண்ணிச் சொல்றேன்."

கடிதத்தைக் கிழித்தேன். அடுத்த பந்தயத்தில் என் பெயரைச் சேர்க்கும்படி புதிதாக எழுதினேன். மச்சானே உறையை ஒட்டித் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.