வியாழக்கிழமை ஊசி

லுணுகலைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்களுக்கு முன்னால் இரத்தம் குடிக்கும் அட்டைகள் வந்து காத்திருக்கும். பிந்தினால் அரைநாள் கூலியை வெட்டும் அரைப்பேர் அவற்றுக்கு ஒருநாளும் விழுந்ததில்லை. ஈரப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெண்கள் ஏறும் மலை அவ்வளவு செங்குத்து. உச்சியில் கால் தவறிய ஆடொன்று அடிவாரம் சேர்வதற்குள் குட்டி போட்டதாகக் கங்காணி சின்னராசா சத்தியம் செய்வார்.

அன்று காலை அதைக் கேட்டும் கொழுந்து பறிக்கும் நிஷாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை.

சில மாதங்களுக்கு முன், மகன் ஜீவனுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட வேண்டியிருந்தது; கிளினிக் வியாழக்கிழமைகளில்தான். போனால் அரைநாள் கூலி போகும். அவள் போகவில்லை. லயத்து வீட்டுக்கு வந்து விசாரித்த மருத்துவிச்சி மிட்வைப் மிஸ்ஸிடம், அப்புத்தளைத் தாய்வீட்டில் போட்டாயிற்று, ஊசிக் கார்டும் அங்கேதான் என்று சொல்லிவிட்டாள்.

பதினோரு மாதமானபோது ஜீவன் காய்ச்சலில் விழுந்தான். உடம்பெல்லாம் செந்தடிப்பு. அம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். ஊசி போடாததால் வந்த தட்டம்மை என்று தெரிந்தும் அவள் கும்பிட்டு நின்றாள். பழியைச் சுமக்க மாரியம்மன் இருக்கும்போது வாயைத் திறப்பானேன்?

ஜீவன் தேறினான். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் அவனுக்குப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்த றோசாலியின் மகள் ஜெசீகாவுக்கும் அதே தட்டம்மை; அவள் இன்னும் தேறவில்லை. ஆறு மாதம், ஊசிக்கு வயதே வரவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் ஒட்சிசனில் கிடந்தாள்.

அன்று காலை றோசாலி ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்கப் பெரட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளையை ஊத்தையாக வைத்திருந்தால் நோய் வராதா என்றார் தோட்டத்துத் துரை. றோசாலி தலைகுனிந்தாள்.

"அவ மேல குத்தமில்லைங்க தொரை." நிஷாந்தினி ஓரடி முன்னால் வந்தாள். "எம்புள்ளகிட்டருந்து வந்துச்சு. ஊசி போட்டாச்சுன்னு மிஸ்கிட்ட பொய் சொன்னேன். அரைப்பேருக்குப் பயந்து."

பக்கத்தில் நின்ற ராசம்மா, தன் மகளுக்கும் மூன்று வயது ஊசி போடவில்லை என்றாள். இன்னும் நாலு பேர் தரையைப் பார்த்தபடி அதையே சொன்னார்கள். கிளினிக் போகக் கேட்டவர்களை விரட்டியது தானே என்று சின்னராசா ஒத்துக்கொண்டார். அவர் சொன்னதை மலை நம்பிய முதல் நாள் அது.

"ஊசிய வேலையில்லாத ஞாயித்துக்கிழமை போடச் சொல்லுங்களேன்," என்றார் துரை.

"நோய்க்கு ஞாயித்துக்கிழமை லீவா தொரை?" என்றாள் ராசம்மா. "இன்னிக்கு வியாழன். எல்லாரும் போறோம். வெட்டுறதுன்னா எல்லாப் பேரையும் வெட்டுங்க."

கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பேர்களை வெட்டத் துரை பேனாவைத் திறந்தார்.

நிஷாந்தினி றோசாலியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றாள்.

"ஒன்ன மன்னிக்க எனக்கு மனசில்ல," என்றாள் றோசாலி. "புள்ளயத் தூக்கிட்டு வா. மிஸ்கிட்ட நீயே உண்மையைச் சொல்லு. மத்த புள்ளைங்களாவது தப்பட்டும். பதுளைக்குப் பஸ் ஏறுற வரைக்கும் நானும் வாறேன்."

பிள்ளைகளை இடுப்பில் ஏந்திக் கிளினிக்குக்குப் போகும் பெண்களால் ஒற்றையடிப் பாதை நிறைந்தது. ஜீவனைத் தூக்கிக்கொண்டு நிஷாந்தினி எல்லாருக்கும் பின்னால் வந்தாள். முன்னே போன ராசம்மா நின்றாள். ஒதுங்கி, வரிசையின் நடுவில் அவளுக்கு இடம் விட்டாள்.