மழைதூக்கியின் கால்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

திருப்போரூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் எட்டு வருடமாக நான்தான் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைவேலை. வேலை முடிந்த பிறகு எனக்காக வரைவேன், எங்கேயும் இல்லாத ஆட்களை. தென்னை மரத்தில் குடியிருக்கும் தபால்காரன், உப்பளத்தை ஆளும் ஒற்றைக்கண் ராணி, இப்படி. வரைந்ததை ‘கிறுக்கல் கூட்டம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். எதைப் போட்டாலும் அங்கே ‘சூப்பர்’ என்பார்கள். நானும் அவர்களுக்கு அதையேதான் சொல்வேன்.

நாவலூரில் குழந்தைகளுக்கு கேம் செய்யும் கம்பெனி ஒன்று, கற்பனைப் பாத்திரங்கள் வரைய ஆள் கேட்டிருந்தது. ஒரே ஒரு படம், திங்கள் காலைக்குள் அனுப்ப வேண்டும். செத்தவர் போட்டோவுக்குப் பின்னால் சூரியனை ஒட்டி ஒட்டி அலுத்துப்போன எனக்கு அந்த வேலை மேல் வெறியே வந்துவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து மழைதூக்கியை வரைந்தேன். மழையே பெய்யாத ஊருக்கு மழையை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்துபோகும் பெண் அவள். சனிக்கிழமை காலை குழுவில் போட்டேன். வரிசையாக ‘சூப்பர்’ விழுந்தது. நடுவில் கிருஷ்ணபிரசாத் என்று ஒருவர், நான் முகம் பார்த்ததில்லை, ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

“இவங்க எப்படி நடப்பாங்க?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கால் மேகத்துல மறைஞ்சிருக்கு சார். அது ஸ்டைல்” என்று தட்டிவிட்டேன்.

“உங்க மத்த படங்கள்லயும் கால் இல்ல. அதான் கேட்டேன்” என்று பதில் வந்தது.

பொய் சொல்கிறார் என்று நிரூபிக்கத்தான் பழைய படங்களைத் திறந்தேன். நாற்பத்து மூன்று படம். தபால்காரன் கால் ஓலைக்குள், ராணியின் கால் உப்புக் குவியலுக்குள். ஒரு பாதம்கூட இல்லை. கோபம் போய், இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

கடை முதலாளி ஜெகதீசன் அண்ணன் வந்து என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். “இன்னா ரேணுகா, மாப்ள போட்டோ முழுசா கீது? இடுப்போட வெட்டி பூவ வையி.”

எனக்கு உறைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒரு பிறந்தநாள் பேனரில் மாமனின் ஷூ கால் மச்சானின் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டது. ‘அவன் காலு என் தலை மேலயா’ என்று ஆள் கூட்டி வந்து கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் சட்டம்: யாருக்கும் கால் கிடையாது. அந்தச் சட்டத்தை என் கை வீட்டுக்கும் எடுத்துப் போயிருக்கிறது. எட்டு வருடம், எனக்கே தெரியாமல்.

ஞாயிறு காலை பேருந்து நிலையத்துக்குப் போய்க் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைத்தெருவில் கீரை விற்கும் வேண்டா அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். சுமையோடு நடக்கும்போது அவர் விரல்கள் அகல விரிந்து தரையைப் பிடித்தன. பின்னாலேயே போனேன்.

“இன்னாமா, என் காலயே பாத்துகினு வர்ற?”

விஷயத்தைச் சொல்லி, செல்போனில் படத்தைக் காட்டினேன். கூடையை இறக்கிவிட்டு நிதானமாகப் பார்த்தார்.

“மூஞ்சி நல்லா கீது. ஆனா தலையில சொம வச்சிகினு எவ இப்டி நேரா பாத்து சிரிப்பா? போட்டோக்கு நிக்கிறாளா? கண்ணு ரோட்டு மேல இருக்கணும். பள்ளம் வந்தா இன்னா பண்ணுவா?”

இதுவும் பிளெக்ஸ் புத்திதான். வெட்கமாக இருந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது. அக்காவை நாலு முறை நடக்கச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டே வரைந்தேன்.

புதுப் படத்தில் மழைதூக்கி அவ்வளவு அழகாக இல்லை. கழுத்து நரம்பு தெரிந்தது, குதிகாலில் வெடிப்பு இருந்தது, பார்வை பத்தடி தள்ளித் தரையில் இருந்தது. பழைய படம்தான் பளபளப்பு. எதை அனுப்புவது என்று ஒரு மணி நேரம் தவித்தேன். கடைசியில் காலுள்ளவளையே அனுப்பினேன். குழுவிலும் போட்டேன். இந்த முறை ‘சூப்பர்’ இரண்டே இரண்டுதான். கிருஷ்ணபிரசாத் மட்டும் மறுபடி கேட்டார்.

“எங்க போறாங்க?”

மூன்று நாள் யோசித்தும் பதில் தெரியவில்லை. புதன்கிழமை, ஒரு காதுகுத்துக் குழந்தையை இடுப்போடு வெட்டிக்கொண்டிருந்தபோது கேம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

குழுவைத் திறந்து அந்தக் கேள்விக்குக் கீழே எழுதினேன்.

“நாவலூருக்கு.”