பட்டாசு வீட்டுப் பெண்

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில், அவள் உள்ளே வந்தால் இயந்திரங்கள்கூட அடக்கமாகச் சுற்றும் என்று கேலி பேசுவார்கள். மேற்பார்வைக்கு அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது. படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தே எந்தக் கறை போகும், எது போகாது என்று சொல்லிவிடுவாள். ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். அவளுடைய அப்பாவை ஊரே பட்டாசு என்றுதான் கூப்பிட்டது. "அப்பன் பட்டாசு, பொண்ணு மட்டும் மத்தாப்பாவா இருக்கும்?" என்பார்கள். அவளுக்கும் அது ஒரு வகையில் வசதியாகவே இருந்தது. ரத்தத்தில் இருப்பதை யார் என்ன செய்ய முடியும்?

அன்று மடிப்பு மேசையில் வேலை செய்யும் பெண், சூடான தேய்ப்புத் தகட்டுக்கு அடியில் ஒரு விரிப்பை மறந்துவிட்டாள். அது தீய்ந்துபோனது. நாற்றம் மூக்கில் ஏறிய மறுகணம் இவள் கையிலிருந்த மரத் துணிமாட்டி பறந்தது. அந்தப் பெண்ணின் காதை உரசிக்கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. பள்ளி முடிந்து அம்மாவைத் தேடி வந்த மகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் தண்ணீர்ப் புட்டி மூடி திறக்கவில்லை. இரண்டு முறை திருகிப் பார்த்தாள். பிறகு கீழுதட்டைக் கடித்து, வலது தோளைப் பின்னால் இழுத்து, புட்டியைச் சுவரில் அடித்தாள். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த உதடு, அந்தத் தோள் எல்லாம் அச்சு அசல் அந்தப் பட்டாசு அப்பா. அவர் செத்து நாலு வருஷம் கழித்துப் பிறந்தவள் இவள். தாத்தாவின் கையை எங்கே பார்த்தாள்? ரத்தத்தில் வந்ததா, இல்லை என்னிடமிருந்தா?

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுத் தம்பியைப் பார்க்கக் கிளம்பினாள். தம்பி பேருந்து ஓட்டுநர். தாய் இறந்தபோது அவன் கைக்குழந்தை. அத்தை வந்து தூக்கிக்கொண்டு போனாள். நினைவு தெரிந்து அப்பாவோடு அவன் ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழ்ந்ததில்லை. ஊரில் எல்லோரும் அவனைச் சாது என்பார்கள். அதே ரத்தம் அவனிடம் என்ன செய்கிறது என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

அவன் ஓட்டும் பேருந்தில், அவனுக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். கடைத்தெருவில் ஒரு வேன் குறுக்கே பாய்ந்தது. தம்பி பிரேக்கை மிதித்தான். வேன்காரன் தலையை வெளியே நீட்டி இவனையே திட்டிவிட்டுப் போனான். கண்ணாடியில் தம்பியின் முகம் தெரிந்தது. கீழுதடு பல்லுக்கு அடியில் போயிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வலது தோள் பின்னால் போயிற்று.

அடுத்த நிறுத்தத்தில் தம்பி வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். டயர்களைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"டிரைவர் டயர் பார்க்கப் போயிட்டார்," என்றார் ஒரு பயணி, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே. எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி போலிருந்தது.

கடைசி நிறுத்தத்தில் கேட்டாள். "டயர்ல என்னடா?"

"டயர்ல ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான் காத்து ஏறிப்போச்சு."

"உனக்குக் கோபமே வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"யாரு சொன்னா? தினமும் வருது. சின்ன வயசுல அத்தை மேல சொம்பை விட்டெறிஞ்சிருக்கேன். நெத்தியில ரத்தம்."

"அடிச்சாங்களா?"

"இல்ல. ஒரு கையால நெத்தியில துணியை அமுக்கிக்கிட்டு, இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி நடந்தாங்க. மூச்சு அடங்கினதும் 'இப்ப சொல்லு, என்ன வேணும்?'னாங்க. அப்புறம் எப்பக் கோபம் வந்தாலும் அதேதான். அந்த வீட்டைச் சுத்திச் சுத்தியே நான் வளர்ந்தேன்."

அவள் வளர்ந்த வீட்டிலும், அப்பாவுக்குக் கோபம் வந்தால் அவள் போக ஓர் இடம் இருந்தது. கட்டிலுக்கு அடியில்.

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"கேட்டாங்களாம். அப்பாதான் விடல. சமைக்க ஆள் வேணும்னாராம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"இனிமே என்னை யாருடா கையைப் பிடிச்சு நடத்துவாங்க?"

"கால் உன்னோடதுதானேக்கா?"

மறுநாள் காலை சலவைக்கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். மடிப்பு மேசைப் பெண்ணைப் பார்த்து, "நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடு," என்றாள். பிறகு, "என் குரல் ஏறினா, 'அக்கா, வெளியே'ன்னு சொல்லுங்க. போயிடுவேன். சொன்னவங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன்," என்றாள். ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்கு ஏற்ற மாதிரி அந்த வாரமே சோப்புத்தூள் குவளையை வீசினாள். சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அவளே குனிந்து தரையைக் கூட்டி அள்ளிவிட்டு, வெளியே போய் நடந்துவிட்டு வந்தாள். முடியாது போலிருக்கிறதே என்று தோன்றியது. நாளைக்கும் நடப்பேன் என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் ஒரு சுமை வெள்ளைக் கோட்டுகள் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. யாரோ ஒரு சிவப்புத் துணியைப் பார்க்காமல் போட்டிருந்தார்கள். எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். அவள் தோள் பின்னால் போயிற்று.

"அக்கா," என்றாள் மடிப்பு மேசைப் பெண். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டாள். "வெளியே."

போனாள். தூறலில் கட்டடத்தைச் சுற்றினாள். ஒரு சுற்று போதவில்லை. மூன்றாவதில்தான் விரல்கள் தளர்ந்தன. நனைந்தபடி உள்ளே வந்து, "வெள்ளைத் தொட்டியும் கலர்த் தொட்டியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா யாருக்கும் கை தவறும். தள்ளிப் போடுங்க," என்றாள்.

வீட்டில் அடுத்த சண்டை பள்ளிப் பையை வைத்து வந்தது. மகள் எறிந்த பை கதவில் மோதி விழுந்தது. அவள் மகளின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். அவர்களுடைய அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றி நடந்தார்கள். முதல் சுற்று முழுக்க மகள் கத்திக்கொண்டே வந்தாள். ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"உனக்குக் கோபம் வரலையாம்மா?"

"வருதே. பொத்துக்கிட்டு வருது."

"அப்ப ஏன் எதையும் தூக்கி எறியல?"

"நடந்துகிட்டிருக்கேன்ல? நீயும் நட."