ஏரிக்கரையில குத்தின முத்திரை

"பாத்தியா இல்லியா மச்சான், அத்த மட்டும் சொல்லு."

"நானே மூச்சு வாங்கிக்கினு இருந்தேன் மாப்ள. நான் இன்னாத்த கண்டேன்?"

பூந்தமல்லியில பந்தயம் முடியுற எடத்துல நின்ன ஜனங்க காதுல விழுந்தது இதுதான். கேட்டவன் தசரதன், முதல்ல ஓடி வந்தவன். பதில் சொன்னவன் அவன் பொண்டாட்டி குப்பம்மாவோட அண்ணன் கோதண்டம், ரெண்டாவதா வந்தவன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மாகாண மாரத்தான். பூந்தமல்லியில கெளம்பி திருநின்றவூர் ஏரிக்கரைக்குப் போயிட்டுத் திரும்பணும். ஜெயிக்கிறவன் மாகாணத்துக்காக கல்கத்தாவுல போய் ஓடுவான். அதுக்குத்தான் வருஷம் பூரா மச்சானும் மாப்பிள்ளையும் விடியக்காலையில ஒண்ணா ஓடினாங்க.

ஏரிக்கரையில ஒருத்தரு முழங்கைக்குக் கீழ மசி முத்திரை குத்துவாரு. அது இருந்தாத்தான் முழு தூரமும் ஓடினதா கணக்கு. குப்பம்மாவுக்கு அது எங்க தெரியும்? கைகால் புடிச்சுக்கக் கூடாதேன்னு புருஷன் ஒடம்பு பூரா நல்லெண்ண தேய்ச்சு அனுப்பிட்டா. கோதண்டம் சளி புடிச்சிருக்குன்னு வேணான்னுட்டான். எண்ணெயும் வேர்வையுமா இருந்த கையில மசி நிக்குமா? வழியிலயே வழிஞ்சு போச்சு. முத்திரை குத்தினவரு வண்டியில வந்து சேந்ததும் அவர கேட்டா, நான் கையத்தான் பாத்தேன், மூஞ்சியப் பாக்கலன்னாரு. கூட ஓடினவன் யாராவது பாத்தேன்னு சொன்னா போதும்னாரு நடுவர்.

போகும்போது பட்டாபிராம்கிட்ட கோதண்டத்துக்கு கெண்டக்கால் இழுத்துக்கிச்சு. தசரதன்தான் நின்னு நீவி விட்டு, கூடவே ஓடி ஏரிக்கரை வரைக்கும் கூட்டிக்கினு போனான். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் கைய நீட்டினாங்க.

நடுவர் இன்னொரு தடவ கேட்டாரு. கோதண்டம் தரையப் பாத்துக்கினே, "தெரியல சார்"ன்னான். கோப்பை அவனுக்குப் போச்சு. கல்கத்தாவும்தான்.

எனக்கு வுட்டுக்குடு மாப்ளன்னு வாய்விட்டுக் கேட்டிருந்தாக்கூட தசரதன் யோசிச்சிருப்பான். அப்படி ஒரு ஒறவு.

மறுநா விடியக்காலையில எப்பவும் போல கதவு தட்டுற சத்தம். "மாப்ள, ஓடலாம் வா. நீ கூட ஓடினாத்தான் எனக்கு வேகம் வரும்."

குப்பம்மா தாழ்ப்பாள்ல கைய வெச்சுக்கினு புருஷனப் பாத்தா. அவன் சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டான். தொறன்னும் சொல்லல, தொறக்காதன்னும் சொல்லல. அவளோட அண்ணனாச்சே.

"நீ போண்ணா"ன்னா அவ, கதவத் தொறக்காமலே.

அவ செஞ்சது சரியா? நீங்களா இருந்தா தொறந்திருப்பீங்களா? படிச்சுட்டு சும்மா போயிடாதீங்க, மனசுல பட்டத கீழ எழுதுங்க.